போனுல பேசின முட்டி

கலாவதியோட இடது முட்டி இரும்பு. வச்சு பதினோரு வருஷம் ஆச்சு. இப்ப அது உள்ளார லூசாயி, நடந்தா 'கறக் கறக்'னு துருப்புடிச்ச கேட்டு மாதிரி கத்துது. பிள்ளையார்பாளையத்துல அவளைப் பத்திப் பேசிக்கினு இருக்கறவளுங்க, அந்தச் சத்தம் கேட்டா சட்டுனு மழையைப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுவாளுங்க. அதுல கலாவதிக்கு ரொம்ப ஆத்திரம். புருஷன் போனதுக்கப்புறம் அவளுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அடுத்தவ பேசறதை ஒட்டுக் கேக்கறதுதான்.

அதைவிடப் பெரிய கஷ்டம் கக்கூஸ். போனா உக்கார முடியல, உக்காந்தா எழுந்திருக்க முடியல. ஒவ்வொரு வாட்டியும் மருமவ இளவரசியைக் கூப்புடணும். "அறுபத்தஞ்சு வயசுல இதுக்குமா ஆள் வேணும், தூ"ன்னு தன்னையே திட்டிக்குவா.

பெரிய ஆசுபத்திரியில படம் புடிச்சுப் பாத்துட்டு, "மாத்த வேண்டியிருக்கலாம். லிஸ்ட்டுல போட்டிருக்கோம், போன் வரும். எடுக்கலைன்னா பேர் கடைசிக்குப் போயிடும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. அன்னியிலேர்ந்து போனை ஜாக்கெட்டுக்குள்ள சொருவிக்கினுதான் தூக்கமே.

அன்னிக்குக் காலையில பால் வாங்க வெளிய வந்தா, எதிர்வீட்டு நமச்சிவாயம் பொடவை நெய்யற பட்டு நூலைப் பாவா தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி தடவிக்கினு இருந்தான். பாவு கட்டற கம்பத்தைத் தண்ணிக் குழாய்க்குப் பள்ளம் தோண்டினவன் புடுங்கிப் போட்டுட்டான். அதனால ஒரு முனையை நமச்சிவாயத்தோட பொண்டாட்டி மஹாலட்சுமி கயித்தால இழுத்துப் புடிச்சுக்கினு இருந்தா. பாவு தொட்டில் மாதிரித் தொங்குது.

கலாவதிக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏண்டி, சோறு துன்றியா இல்லியா? இங்க குடு!" கயித்தை வாங்கி இடுப்புல ஒரு சுத்து சுத்தி, பின்னால சாஞ்சா. பாவு விண்ணுன்னு நின்னுச்சு. அதோட முட்டியும் மாட்டிக்கிச்சு. மடக்கவும் வரல, நகரவும் வரல.

"யக்கா, சூப்பரு! அப்படியே நில்லு"ன்னான் நமச்சிவாயம்.

"வேற எப்படிடா நிப்பேன்?"

அரை மணி நேரம் ஆச்சு. ஜாக்கெட்டுக்குள்ள போன் அடிக்குது. ரெண்டு கையும் கயித்துல. "இளவரசீ!"ன்னு கத்தினா பாரு, கோயில் புறாவெல்லாம் பறந்துடுச்சு. மருமவ ஓடி வந்து போனை உருவி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி வச்சா.

"ஆசுபத்திரியிலேர்ந்து மேரி சிஸ்டர் பேசறேன். கலாவதியாம்மா? உங்களால நிக்க முடியுதா?"

"நின்னுக்கினுதான் இருக்கறேன்."

"எவ்ளோ நேரமா?"

"அரை மணி நேரமா. உயிர் போவுதும்மா."

"அரை மணி நேரம் நிக்கறீங்களா? அப்ப அவசரம் இல்லம்மா. ஆறு மாசம் தள்ளிப் போட்டுக்கலாம்."

"நான் எங்கம்மா நிக்கறேன்? மாட்டிக்கினு நிக்கறேன்!"

பாவோட அந்த முனையிலேர்ந்து நமச்சிவாயம் உதவி பண்றேன்னு கத்தினான்: "மேடம், கல்லு மாதிரி நிக்கறாங்க! கம்பமே தோத்துச்சு!"

"உன் வாயில கஞ்சியை ஊத்த! இளவரசி, போனை என் முட்டிக்கிட்ட வை." கலாவதி பல்லைக் கடிச்சுக்கினு லேசா அசைஞ்சா. 'கறக்!' படுத்திருந்த நாய் எழுந்து ஓடிடுச்சு.

"யாரும்மா அங்க கதவைத் திறக்கறது?"

"கதவில்லம்மா, என் காலு."

சிஸ்டர், "இருங்க, டாக்டர்கிட்ட குடுக்கறேன். இன்னொரு வாட்டி பண்ணுங்க"ன்னா.

பண்ணினா. சத்தமே வரல. ஒரு வருஷமா ஊரைக் கூட்டின முட்டி, டாக்டர் காதை வச்சதும் ஊமையாயிடுச்சு. "பேசு, சனியனே!"ன்னு தொடையால ஆட்டிப் பாத்தா. ஊஹூம்.

"ஹலோ? ஒண்ணும் கேக்கலியே"ன்னாரு டாக்டரு.

இன்னும் ஆறு மாசம் மருமவ கையைப் புடிச்சுக்கினு கக்கூஸுக்கா? கலாவதி ஒரு நிமிஷம் பாவைப் பாத்தா. கல்யாணப் பொடவைக்கு நீட்டின அரக்குப் பட்டு, வெயில்ல தகதகன்னு இருந்துச்சு.

"டேய் நமச்சிவாயம், மூணு எண்ணிட்டு கயித்தை உட்டுடுவேன். ஆள் வந்தா உன் பாவு, வரலைன்னா உன் தலையெழுத்து. ஒண்ணு!"

தெருவே ஓடி வந்துச்சு. மஹாலட்சுமியோட சேத்து ஏழு பேரு கயித்தைப் புடிச்சாங்க. கலாவதி இடுப்புலேர்ந்து கயித்தை அவுத்து, நடுத்தெருவுல தொப்புன்னு உக்காந்தா.

'கறக்... கடக்... டக்!'

போனுல டாக்டரு, "ஐயையோ"ன்னாரு. "வர்ற வியாழக்கிழமை அட்மிட் ஆயிடுங்க. அதுவரைக்கும் நடக்காதீங்க."

"எங்க நடக்கறது? எழுந்திருக்கவே முடியல."

தூக்கலாம்னு பாத்தா, தூக்கற மாதிரி இருந்த ஏழு பேரும் கயித்துல. உட்டா பாவு போச்சு. பால்காரன் வண்டியை அவளைச் சுத்தி ஓட்டிக்கினு போனான். காலை நீட்டிப் போட்டுக்கினு கலாவதி தரையிலேர்ந்தே ஒரு கண்ணை மூடிப் பாவைப் பாத்தா.

"மஹாலட்சுமி, உன் பக்கம் தொங்குதுடி. ஏழு பேரு புடிச்சும் என் ஒரு முட்டிக்கு வரல."

முக்கால் மணி நேரம் அங்கியேதான் இருந்தா. தண்ணி குடுத்தாங்க, குடிக்கல. குடிச்சா அப்புறம் போவணுமே.