பிரபா இல்லாத படம்

புதுப்பட்டினம் கடைத்தெரு ஸ்டூடியோ ஒன்றில் ஆறு வருடம், வேலைக்கு மனுப் போட வருகிறவர்களுக்குக் கோட்டு மாட்டிவிட்டவள் ஜாய்ஸ். சட்டையோடு உட்கார்ந்தவர் கணினியில் கோட்டும் டையுமாக எழுந்து வருவார். தோள் பொருந்தியதும் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிடுவாள். அந்தக் கணினியில் இடம் அவ்வளவுதான்.

அதே பழக்கத்தோடுதான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியின் விளம்பரப் பிரிவில் சேர்ந்தாள். கல்லூரிக்குப் புது அடையாளம் வந்திருந்த நேரம். பேனரோ இணையதளமோ, எந்தப் படமானாலும் வலப்பக்கம் சாய்வாக வெட்டுப்பட வேண்டும். அங்கே ஒரு நீலப் பட்டை, அதில் கல்லூரிப் பெயர். நாலு மாதத்தில் அந்தச் சாய்வு அவள் கைக்குத் தானாக வந்தது.

மாமல்லபுரம் கடற்கரையில் எடுத்த பெண்கள் கபடி அணியின் படத்தையும் அப்படியே வெட்டி, பழைய படத்தின் மேலேயே சேமித்தாள். மத்தியானம், அணியில் ஒருத்தியான பிரபா வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டாண்ட எங்க போட்டோவ பெருசா வைக்கப் போறாங்களாமே. எங்கம்மா பாக்கணும்னு துடிச்சிகினு கீது. அப்பாதான், கபடி ஆடி இன்னாத்தக் கிழிச்சன்னு கேட்டுகினே கீறாரு. நான் எங்க நிக்கிறேன், காட்டுங்க."

ஜாய்ஸ் திரையைப் பார்த்தாள். ஏழு பேரில் ஆறு பேர் இருந்தார்கள். நீலப் பட்டையை ஒட்டி ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது.

"இன்னும் முடியல. சாயந்தரம் வா."

முழுப்படம் எங்கும் இல்லை. மறுபடி எடுக்கலாமென்றால் அணியில் இருவர் தேர்வு முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள். பிரபாவின் சேர்க்கைப் படம் கழுத்துவரைதான் இருந்தது. அதற்குக் கீழே ஒட்ட ஜாய்ஸிடம் கோட்டுதான் இருந்தது. ஐந்து மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும்.

புகைப்படம் எடுக்கும் ஜெகதீசனிடம் போனாள்.

"கபடிப் படம் கேமராவுல இருக்கா?"

"அது அன்னிக்கே அழிச்சாச்சு."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்கை எடுத்து நீட்டினார்.

"மூஞ்ச ஏன் அப்டி வெச்சிகினு கீற? இதுல கீது. நீ வந்த மறுநாள்லருந்து எல்லாத்தையும் ஒரு காப்பி போட்டு வெச்சிகினு வரேன். நீ மேலயே சேவ் பண்றத அன்னிக்கே பாத்துட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பயந்துகினே வெட்டுவ. இந்தக் காலேஜ்ல ஒழுங்கா வர்றது நீ வெட்ற அந்தக் கோணல் ஒண்ணுதான். அதையும் கெடுக்கணுமா?"

அவள் ஹார்ட் டிஸ்கை வாங்கிக்கொண்டாள். தன் இடத்துக்கு வந்து முழுப்படத்தைத் திறந்தாள். பிரபாவை மட்டும் தனி அடுக்காகப் பிரித்து, நீலப் பட்டைக்கு மேலே வைத்தாள். இப்போது சாய்வுக் கோட்டைத் தாண்டி ஒரு கால் வெளியே வந்திருந்தது. புது அடையாளத்தின் விதிப்புத்தகத்தில் இப்படி எதுவும் இல்லை. பிரிவுத் தலைவி ரெஜினா எட்டிப் பார்த்தார்.

"எதிராளி கட்டத்துக்குப் பாடிப் போற மாதிரியே இருக்கு. அனுப்பிடு."

சாயந்தரம் பிரபா வந்தாள். திரையருகே குனிந்தவள் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"அப்பாவ நானே கூட்டிகினு போய் அது முன்னாடி நிறுத்தப் போறேன். டேங்க்ஸுக்கா."

"எனக்கில்ல," என்ற ஜாய்ஸ், எதிர் மேசையிலிருந்த ஜெகதீசனைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள். "அந்த அண்ணனுக்குச் சொல்லு. ரெண்டு தடவை சொல்லு. ஒண்ணு என்னோடது."