வெள்ளிக்கிழமைப் போணியும் ஒரு பாக்கெட் எனோகியும்

காளான் இறக்குமதி என்பது, கெட்டுப்போவதற்குள் விற்றுவிட வேண்டுமே என்று பயந்துகொண்டே பிழைக்கிற பிழைப்பு. கடை வைத்திருக்கிறவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை.

நாடகம் பார்த்தவர்கள்

முன்பெல்லாம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் என் கடைக்கு வருகிறவர்களுக்குக் காளான் என்றால் மொட்டுக் காளான்தான். இப்போது கொரிய நாடகம் பார்த்துவிட்டு, நூடுல்ஸ் மாதிரி மெல்லிசாக இருக்கும் எனோகியைக் கேட்கிறார்கள். எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். பெயர் வாயில் நுழையவே ஒரு வாரம் ஆயிற்று. வரவழைத்துக் கொடுத்தால், பிடோக்கிலிருந்து வந்த ஒரு பெண் சொன்னாள்: “ஆன்ட்டி, நாடகத்துல ஊத்திக்கிறாங்களே, அந்தக் காரச் சாஸும் கொண்டு வாங்க, இல்லாட்டி வேற கடைக்குப் போயிடுவோம் லா!”

முதல் ஆள்

விமான நிலையத்திலிருந்து என் சரக்கை எடுத்து வருகிறவர் காதர் நானா. ஒரு வெள்ளிக்கிழமை காலை எனோகிப் பெட்டிகளை இறக்கிவிட்டு, “மாதிரி எடுத்துக் கிருமி டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க. ரிசல்ட் வர்றவரைக்கும் ஒண்ணுகூட விக்காதீங்க தங்கச்சி” என்றார். தலையாட்டினேன்.

அவர் லாரி தெருமுனை தாண்டவில்லை, ஈசூன் பக்கம் குடியிருக்கும் சுமதி வந்து நின்றாள். ஆறு மாத வயிறு. எனோகிதான் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை முதல் போணியை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. டெஸ்ட் வழக்கமாக நடப்பதுதானே என்று ஒரு பாக்கெட் எடுத்துக் கொடுத்து, காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். போகும்போது அவள் சொன்னாள்: “வீடியோல இத பச்சையாவே சாலட்ல போடுறாங்கக்கா, இன்னிக்குச் செஞ்சு பாக்கப்போறேன்.”

ஈசூன் கதவு

மதியம் நானா போன் செய்தார். அதே பண்ணையின் வேறொரு சரக்கில் கிருமி கண்டுபிடித்துவிட்டார்களாம். பிள்ளைத்தாய்ச்சி பச்சையாகத் தின்றால் வயிற்றுப் பிள்ளைக்கே ஆபத்தாம். சுமதிக்குப் போன் அடித்தேன், அடித்தேன், எடுக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு ரயில் ஏறினேன். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்து மூடுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

முன்பே ஒருமுறை நான் சாமான் கொண்டுபோய்க் கொடுத்த வீடுதான். அவள் மாமியார் கதவைத் திறந்தார். பின்னால் சோபாவில் சுமதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அந்தக் காளான்... சாப்பிட்டாளாம்மா?” என்றேன். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்: “எங்களுக்குக் காளானும் கவிச்சிதான், வெள்ளிக்கிழமை அத வீட்டுக்குள்ள விடுவேனா? அப்பவே குப்பையில போட்டாச்சு; இனிமே இவ கேட்டாலும் கத்திரிக்காயக் குடுத்து அனுப்பு!”

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை சரக்கு வந்தால், காதர் நானாவுக்கே ஒரு பாக்கெட் உப்பு விற்றுப் போணியை முடித்துவிட்டுத்தான் பெட்டியை இறக்கச் சொல்கிறேன்.