போனில் அனுப்பிய அடி

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே சிங்கப்பூரில், தெம்பனிஸில் ரயில் ஏறி லிட்டில் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில் ஓர் இளைஞன் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான். சட்டைக் காலருக்குள், முதுகுப் பக்கம் எங்கோ தைலம் தடவியிருந்தான். குளிர்ந்த காற்றில் அந்த வாசனை முதலில் என் கண்ணைத் தொட்டது, பிறகு மூக்கை, பிறகு வலது தோளை. அங்கே ஓர் எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது. மழைக்கு முன்னால் அது முணுமுணுக்கும். அன்றைக்கு மழை இல்லை. தைலம்தான்.

உங்களுக்குத் தைலம் என்றால் தலைவலி, ஜலதோஷம். எனக்கு அது சண்டையின் வாசனை.

இன்றைக்கு நான் மேசை, நாற்காலி, நெஞ்சில் தொங்கும் அட்டை என்று ஒரு மாதிரி மனிதனாகிவிட்டேன். அப்போது சாரம் கட்டுகிறவன். கட்டடத்தைச் சுற்றி இரும்புக் குழாய்களை அடுக்கிக்கொண்டே மேலே போகிற வேலை. தொழிலாளர் விடுதியில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர், எல்லாம் இரட்டை அடுக்குக் கட்டில்கள். அடிதடி என்று பெயர் வந்துவிட்டால் அடித்தவன், வாங்கியவன் இரண்டு பேருக்கும் வேலை பெர்மிட் போய்விடும். அதற்காகச் சண்டை வராமலா இருக்கும்? வந்தால் குளியலறைக் கட்டடத்துக்குப் பின்னால் போவோம். வாயைத் திறக்கக் கூடாது. காலையில் வேலைக்கு முன் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி முகம் பார்ப்பார்கள் என்பதால் கழுத்துக்கு மேலே கை போகக் கூடாது. எலும்பில் முட்டி இறங்கும் சத்தமும் மூச்சும் மட்டும் கேட்கும். பக்கத்துக் குழாயடியில் ஒருவன் பாட்டு முணுமுணுத்தபடி துணி துவைத்துக்கொண்டிருப்பான்.

முடிந்ததும் அடித்தவன் தைலம் தேய்த்துவிட வேண்டும். அடி விழுந்தது முதுகில்; வாங்கியவனுக்குக் கை எட்டாது. யார் போட்ட விதியோ தெரியாது. நாங்கள் வந்தபோதே அது இருந்தது. எத்தனை முதுகுகள் அப்படி எனக்கு அறிமுகமாயின. கறுப்பு, மாநிறம், தேமல், தழும்பு. கோபம் ஆறாத விரல்களால் இன்னொருவன் தசையைப் பிசைந்தபடி, "வலிக்குதாடா?" என்று கேட்பதில் ஒரு கூச்சம் இருக்கிறது. அனுபவித்தால்தான் தெரியும்.

அதற்கும் அடங்காத பகைக்கு எங்களிடம் ஒரு வாக்கியம் இருந்தது. "ஊர்ல வச்சுக்கலாம்." இங்கே ஓங்க முடியாத கை அங்கே ஓங்கும். நாம் போக வேண்டும் என்பதுகூட இல்லை. போன் போதும்.

எங்கள் ஊர் புதுக்கோட்டைக்கும் சிவகங்கைக்கும் நடுவே, மழை மறந்துபோன பக்கம். ஊருக்கு மேற்கே பொதுக்காடு. காடு என்றால் மரம், நிழல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். செம்மண், கருவேல முள், நாலைந்து பனை, நூற்றுக்கணக்கான ஆடுகளின் புழுக்கை. அறுபத்து நான்கு தலைக்கட்டுக்குப் பொது. அதாவது அறுபத்து நான்கு குடும்பம். வீட்டுக்கு ஒரு பங்கு, ஒரு குரல். பட்டாவில் இருந்த மூன்று பெயர்களும் செத்துப்போனவர்களுடையவை. அவர்கள் அதை யாரிடமும் விலைக்கு வாங்கியதாகத் தெரியவில்லை. அடித்துப் பிடித்திருக்கிறார்கள், பிறகு அடித்து அடித்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். எல்லைக்கல் நகர்ந்துவிட்டதென்று பக்கத்து ஊரோடு நடந்த சண்டையில் என் சித்தப்பாவுக்கு ஒரு காது போனது. ஊரே முள்ளுக்குள் குனிந்து காதைத் தேடியது. நாய் முந்திக்கொண்டது. அந்த நாயை என்ன செய்தார்கள் என்பதை எழுத மாட்டேன்.

காலனிக்காரர்களுக்குத் தலைக்கட்டு கிடையாது. அவர்கள் ஆடும் அங்கேதான் மேய்ந்தது. எங்கள் பொது அவ்வளவுதான் பொது.

அந்தக் காட்டைச் சோலார் கம்பெனி ஒன்று கேட்டது. எம்.பி. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, நின்ற வேட்பாளரின் மச்சினர்தான் தரகர். காட்டைக் கொடுத்தால் வீட்டுக்கொரு வேலை என்று வேட்பாளர் ஜீப்பில் நின்று மைக்கில் சொன்னார். ஆனால் எல்லாத் தலைக்கட்டும் கையெழுத்துப் போட்டாக வேண்டும், ஒன்று மறுத்தாலும் நடக்காது. தலைக்கட்டுகளில் பத்தொன்பது சிங்கப்பூரில் இருந்தன.

ஆகவே ஊர்க்கூட்டம் இரண்டு இடத்தில் நடந்தது. ஞாயிறு மதியம் ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கத் திடலில் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் இடம் உண்டு. மூன்றாவது விளக்குக் கம்பம் எங்கள் ஊர். லாரி ஓட்டும் நாகலிங்கம் அண்ணன்தான் எங்களில் மூத்தவர். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கம்பத்தடியில் ஒரு பிளாஸ்டிக் பை மேல் வைப்பார். அந்தப் பக்கம் கோயில் வாசலில் ஊர் இருமும். இந்தப் பக்கம் நாங்கள் கை தூக்குவோம், அண்ணன் எண்ணிச் சொல்வார். இங்கே எங்களுக்கு ஓட்டு இல்லை. அங்கே ஓட்டு இருந்தது, போட ஆள் இல்லை. கம்பத்தடி மட்டும்தான் எங்கள் நாடாளுமன்றம்.

அந்த ஞாயிறு கருப்பையா காட்டைக் கொடுத்துவிடலாம் என்றான். அவன் என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுப்பவன், சாரத்தில் என் ஜோடி, முறைக்கு மச்சான்.

"காட்ட வச்சு என்னத்தக் கண்டோம்? திரும்பிப் போயி ஆடு மேய்க்கப் போறியா மாப்ள?"

"போனா மேய்ப்பேன்."

"நீயா? அந்த வெயில்ல ஆட்டுக்கு முன்னாடி நீ படுத்துருவ."

எல்லோரும் சிரித்தார்கள். போனுக்குள்ளிருந்தும் சிரிப்பு வந்தது. ஊரே என்னைப் பார்த்துச் சிரித்ததுபோல இருந்தது. இன்றைக்கும் அந்தச் சிரிப்பைத்தான் காரணமாகச் சொல்லிக்கொள்கிறேன், நிலத்தை அல்ல.

"உங்கப்பன் கட்சிக்காரன் கார்ல ஏறி ஊரச் சுத்துறாருல்ல. அதான் நீ இம்புட்டுப் பேசுற" என்றேன்.

"அப்பனப் பேசாத."

"பேசுனா?"

அவன் சமையலுக்கு வாங்கியிருந்த இறைச்சிப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தான். "ஊர்ல வச்சுக்கலாம் மாப்ள."

அவன் சொன்னான், நான் முந்திக்கொண்டேன். விடுதிக்குப் போகும் லாரிக்கு வரிசையில் நின்றபடியே தம்பி சேகரைக் கூப்பிட்டேன். "அடைக்கலம் மாமாவ ரெண்டு தட்டு தட்டிட்டு வா. கையெழுத்துப் போடக் கூடாதுன்னு சொல்லு." அடைக்கலம் கருப்பையாவின் அப்பா. ஒரு நிமிஷம்கூடப் பேசியிருக்க மாட்டேன். பேசி முடித்து ஒரு தேநீர் வாங்கினேன், சூடாக இருந்தது, ஊதி ஊதிக் குடித்தேன்.

மறுநாள் தம்பி கூப்பிட்டான். "சொன்னதச் செஞ்சிட்டேண்ணே. கொஞ்சம் கூடிப்போச்சு."

கோடாலிக் காம்பு. கிழவர் பொதுக்காட்டில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. விழுந்தவர் முள்ளில் விழுந்தார். தூக்க வந்தவர்கள் காலனிக்காரர்கள்.

அன்று சாயங்காலமே கருப்பையாவுக்குத் தெரிந்துவிட்டது. அவன் ஏணியில் ஏறிப் படுத்தான். கட்டில் இரும்பு ஒருமுறை முனகியது. அதன் பிறகு ஏழு வாரம் அந்த இரும்புக்குக் கீழேதான் நான் படுத்திருந்தேன்.

"வாடா பின்னாடி. அடிச்சிக்க" என்று நானே கூப்பிட்டேன்.

"அடிச்சா நான்தான உனக்குத் தேய்ச்சு விடணும்? மாட்டேன்" என்றான்.

ஊரில் என் அம்மா இருந்தாள், தம்பி இருந்தான். தினமும் போன் செய்து, எல்லாம் நல்லாருக்கீங்களா என்று கேட்பேன். பாசமான பிள்ளை என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

பகலில் சாரத்தில் அவன் மேலே, நான் கீழே. நான் குழாயைத் தூக்கிக் கொடுப்பேன், அவன் வாங்கிப் பூட்டுவான். ஏழு வாரம் என் தலைக்கு மேல் இரும்பைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றான். கீழே தார்ச்சாலை வெயிலில் மினுங்கும். ஒவ்வொரு குழாயும் என் கையை விட்டு அவன் கைக்குப் போகும் அந்தக் கணத்தில் நான் மேலே பார்ப்பேன். அவன் என்னைப் பார்க்க மாட்டான்.

எட்டாவது வாரம் ஒரு திங்கள்கிழமை மேலிருந்து குழாய் வந்தது. சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பினேன், தோள் வாங்கிக்கொண்டது. வாய்க்குள் ரத்தம். இடுப்பில் கொக்கி இருந்ததால் தொங்கினேன். காற்றில், ஒரு காய்ந்த துணிபோல.

சேஃப்டி சூப்பர்வைசர் குணா சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கிளினிக்கில் பக்கத்தில் நின்று கேட்டார். "எப்படி விழுந்துச்சு? ரிப்போர்ட் எழுதணும் லா."

"மேல கருப்பையா சார். கை வழுக்கிருச்சு. மழைத் தண்ணி."

"மழையே பெய்யல லா."

நான் கூரையைப் பார்த்தேன். வாசலில் கருப்பையா நின்றான். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஈரம் என்று எழுதிக்கொண்டார்.

அன்று மாலை கருப்பையா என்னைக் குளியலறைக்குப் பின்னால் கூட்டிப்போனான். பையிலிருந்து தைலப் பாட்டிலை எடுத்தான். அப்போதுதான் எனக்கு உறுதியானது. குழாய் தவறி விழுந்திருந்தால் அவன் தைலம் கொண்டுவந்திருக்க மாட்டான். கட்டுத்துணிக்கு வெளியே, தோளுக்குப் பின்னால் அழுத்தித் தேய்த்தான். உயிர் போயிற்று. வாயைத் திறக்கவில்லை.

"தலையிலதான் போடணும்னு நெனச்சேன்" என்றான். "கை நகந்துருச்சு."

"ஏன்டா நகத்துன?"

"ஹெல்மெட் போட்டிருந்தல்ல. வேஸ்ட்டு."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு எலும்பில் குத்தியது. அவன் கண்ணைத் துடைத்தான். தைலக் கை, இன்னும் எரிந்தது.

ஊரில் அதற்குள் எல்லாம் முடிந்துகொண்டிருந்தது. அடைக்கலம் மாமாவின் கையோடு ஊரும் இரண்டாக முறிந்திருந்தது. இரண்டு வைக்கோல்போர் எரிந்தது, ஒரு கல்யாணம் நின்றது, என் தம்பி மேல் போலீசில் புகார் இருந்தது. சமாதானம் பேச வந்தவர்கள் வேட்பாளரின் ஆட்கள். இரு தரப்பும் காட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும், புகார் வாபஸ். அவ்வளவு சுலபம். காட்டைக் காப்பாற்ற நான் அனுப்பிய அடி காட்டை எடுத்துக்கொண்டு போயிற்று.

மூன்றாவது கம்பத்தடியில் சிங்கப்பூர்ப் பாதி கையெழுத்துப் போட்டது. முதல் ஆள் நான். வலது கை கட்டுத்துணியில் தொங்கியதால் இடது பெருவிரலை மையில் தோய்த்தேன். திடலில் காற்று. காகிதம் பறக்காமல் கருப்பையா அழுத்திப் பிடித்துக்கொண்டான். வேட்பாளர் தேர்தலில் தோற்றுப்போனார். ஜெயித்து டெல்லிக்குப் போனவரும் எங்கள் காட்டைப் பற்றி வாயைத் திறந்ததாகத் தெரியவில்லை. காலனிக்காரர்களிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. அவர்கள் ஆடுகள் ஒரே வாரத்தில் கறிக்குப் போயின.

இரண்டு வருஷம் கழித்து விடுமுறையில் போனேன். எல்லோரையும்போலப் பெட்டியில் ஒரு டஜன் தைலம். அடைக்கலம் மாமா வீட்டுக்குப் போவதைத் தள்ளித் தள்ளிக் கடைசி நாளில், பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது போனேன். அவ்வளவு வீரம். கிழவர் வாசலில் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். மேற்கே கம்பிவேலி. அதற்குள் கறுப்புக் கண்ணாடி, கண்ணுக்கெட்டிய வரை. மதிய வெயில் அதில் விழுந்து முகத்தில் அறைந்தது. அவருடைய வலது கை முழங்கைக்குக் கீழே வேறொரு திசைக்குப் போயிருந்தது.

பாட்டிலை நீட்டினேன்.

"எந்தக் கையில போன் புடிச்ச மாப்ள?"

வலது கையைக் காட்டினேன்.

"அதாலயே தேயி."

தேய்த்தேன். எலும்பு தோலுக்குள் சுள்ளிபோல நெருடியது. அவர் கண்ணாடிக் காட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடித்து நிமிர்ந்தபோது இடது கையால் ஓங்கிக் கன்னத்தில் விட்டார். பல் ஆடியது. எங்கள் விதி அவருக்குத் தெரியாது.

"பாட்டில வச்சிட்டுப் போ. பஸ் வந்துரும்."

வீங்கிய கன்னத்தோடு இங்கே வந்து இறங்கினேன். கருப்பையா அதற்குள் வேறு நாட்டுக்கு வேலை மாறிப் போயிருந்தான். நானே கண்ணாடி முன் நின்று தைலம் போட்டுக்கொண்டேன். முகம்தானே, கை எட்டும்.

பிறகு அடைக்கலம் மாமா இறந்தார். கருப்பையாவின் எண் வேலை செய்வதில்லை. மூன்றாவது கம்பம் இருந்த இடத்தைச் சுற்றிப் பச்சைத் தகரம் அடித்திருக்கிறார்கள். அதற்கு மேலே பாரந்தூக்கி ஒன்று மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

லிட்டில் இந்தியா நிலையத்தில் அந்த இளைஞனும் இறங்கினான். நகரும் படியில் எனக்கு முன்னால் அவன் முதுகு. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தம்பி, யாருப்பா தேய்ச்சு விட்டது?"

திரும்பிப் பார்த்தான். கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது.

"யாரும் இல்லண்ணே. இப்ப தைலமே நீளமா பிடி வச்சு, முதுகுல உருட்டிக்கிற மாதிரி வருது. நானே போட்டுக்கிட்டேன்."