கயிற்றை விடாத கை

தலைமையாசிரியர் மோதிரம் போட்ட விரலால் மைக்கைத் தட்டுகிறார். "அலோ... அலோ... பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்குதா?" பின்னாடி இருப்பது கோழிக்கூண்டு. அதற்கு முன்னால் மொத்தப் பள்ளிக்கூடமும் வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கிறது. ஐந்து வகுப்பையும் சேர்த்தாலும் ஒரு பஸ்ஸுக்குக் காணாத கூட்டம். சும்மா பேசினாலே எல்லாருக்கும் கேட்கும். ஆனால் தலைமையாசிரியர் அர்னுல்ஃபோ பெதோயாவுக்கு மைக் இல்லாமல் பேசினால் பேசின மாதிரியே இருக்காது.

மலைமேல், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஆரம்பப் பள்ளி அது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கொடியேற்றம். அந்த மாதத்தில் நன்றாகச் செய்த பிள்ளைக்கு நெஞ்சில் மஞ்சள், நீலம், சிவப்பு ரிப்பன் குத்தி, கொலம்பியக் கொடியை ஏற்றச் சொல்வது வழக்கம். நல்ல வழக்கம்தான். அது இந்த மனுஷன் கையில் வந்து மாட்டியது. கறிக்கடை கில்தார்தோவின் மகன் மைக்கோல், நகம் வெட்டிக்கொண்டு வருவதில் முதலிடம் என்று போன மாதம் கொடி ஏற்றினான். மறுநாள் தலைமையாசிரியர் வீட்டு அடுப்பில் பன்றித் தொத்திறைச்சி பொரிகிற வாசனை ஊரைத் தூக்கியது. மளிகைக்கடைக்காரர் மகள் உரக்க வணக்கம் சொன்னதற்காக ஏற்றியிருக்கிறாள். ஒரு பையன் ஏன் ஏற்றினான் என்று அவனுக்கே தெரியாது, பாவம்.

"நம்ம பள்ளியில தோத்தவன்னு ஒருத்தன்கூடக் கிடையாது, என் கண்ணுங்களா!" ஒவ்வொரு மாதமும் இதைச் சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக நிறுத்துவார். மூன்றாம் வகுப்பு அம்பாரோ டீச்சர் வரிசையின் ஓரத்தில் நின்று, "ஒழுங்காப் படிச்சவனும் கிடையாது" என்று பல்லுக்குள் சொல்லிக்கொள்வாள். அவரோடு காலம் தள்ளித் தள்ளி அவளுக்கு இந்த முணுமுணுப்பு ஒன்றுதான் மிச்சம்.

பிள்ளைகளுக்குக் குத்துகிற அதே ரிப்பன் அவர் கோட்டிலும் ஒன்று இருக்கும். யாரும் குத்திவிட்டதில்லை, வீட்டிலிருந்தே குத்திக்கொண்டு வருவார். எதற்கு என்று அம்பாரோ ஒருநாள் கேட்டே விட்டாள். "தலைமை தாங்குறதுக்கு, டீச்சர்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

விழா முடிந்ததும் சாப்பாடு. அம்மாக்கள் முற்றத்தில் விறகு மூட்டி, கோழியும் மரவள்ளியும் வாழைக்காயும் போட்டு அண்டா நிறைய சூப் கொதிக்க வைப்பார்கள். அர்னுல்ஃபோ அங்கேயும் வருவார். கரண்டியை வாங்குவார், ஒரு கிண்டு கிண்டுவார், படம் எடுக்கிற போனைப் பார்த்துப் பல்லைக் காட்டுவார், கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். "ஐயா எவ்வளவு எளிமை!" என்று உருகுகிற அம்மாக்களும் இருக்கிறார்கள். என்னத்தைச் சொல்ல!

ஆனால் ஆளை உள்ளபடி பார்க்க வேண்டுமானால் தாழ்வாரத்துச் சுவருக்குப் போக வேண்டும். கொடியேற்றப் படங்கள் அங்கே வரிசையாக மாட்டியிருக்கின்றன. எந்தப் படத்தை எடுத்தாலும் பிள்ளையின் கைக்கு மேலே, அதே கயிற்றில், மோதிரம் போட்ட ஒரு பெரிய கை. ஒரு படத்தில் அவர் முழங்கை பிள்ளையின் முகத்தை மறைத்திருக்கிறது. இன்னொன்றில் பிள்ளை என்று தெரிவது வகிடு மட்டும்தான். அந்தப் பிள்ளையைப் பெற்றவள் அந்த வகிட்டை அடையாளம் கண்டு, விரலால் தொட்டுக் காட்டிச் சந்தோஷப்படுவதை அம்பாரோ பார்த்திருக்கிறாள்.

இந்த மாதம் கொடி யுரானிக்கு. மூன்றாம் வகுப்பிலேயே இரண்டு தடவை உட்கார்ந்துவிட்ட பெண். எழுத்துகள் அவளுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு வார்த்தையில் சிக்கினால் தலை தொங்கிப்போகும், அப்புறம் அன்று முழுக்க வாய் திறக்க மாட்டாள். "சிக்கினா பயப்படாதடி. ரெண்டு வார்த்தை பின்னாடி போ, மறுபடி வா" என்று அம்பாரோ வருஷம் பூராவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். ஒரு பக்கத்தை வகுப்பு முன்னால் முழுசாகப் படித்துவிட்டால் கொடி உனக்குத்தான் என்றும் சொல்லியிருந்தாள். யுரானி படித்துவிட்டாள். வியர்த்து விறுவிறுத்து, நாலு இடத்தில் பின்னால் போய்த் திரும்பி வந்து, படித்தே விட்டாள். மகள் கொடி ஏற்றுவதைப் பார்க்க அம்மா ரூபியேலா, காப்பி பழுத்துக் கொட்டுகிற நேரத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு மகளோடு மேல் தோட்டத்திலிருந்து இறங்கி வந்திருந்தாள். ராத்திரி பெய்த மழையில் பாதை சேறு. இரண்டு பேர் காலிலும் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ்.

அர்னுல்ஃபோவின் கண் நேராக அந்த பூட்ஸில் போய் விழுந்தது. அம்பாரோவைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"டீச்சர், அந்தப் பொண்ணு பூட்ஸோட வந்திருக்காளே?"

"மழை பெஞ்சா மலையில வேற என்னத்தைப் போடுவாங்க, சார்?"

"அது சரி. ஆனா கல்வி ஆபீஸ்லேர்ந்து மேடம் வந்திருக்காங்க. படம் எடுப்பாங்க. நம்ம மைக்கோலைப் பாருங்க, ஷூவுல முகமே தெரியுது. அவன் ஏத்தட்டுமே?"

"அவன் எதுக்கு ஏத்தணும்?"

"நகம்..."

"நகம் போன மாசம், சார்."

"அப்ப இந்த மாசம் காது."

அம்பாரோ தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவதான் ஏத்துவா, சார். இல்லேன்னா நான் மைக்கை வாங்கி, ஏன் ஏத்தலைன்னு எல்லாருக்கும் சொல்றேன்" என்றாள்.

மைக்கை இன்னொருத்தி தொடுவதா? மனுஷன் ஆடிப்போய்விட்டார். "சரி சரி, கோவிச்சுக்காதீங்க" என்று போனவர், தன் அறை வாசலில் இருந்த பெரணிச் செடித் தொட்டியை மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு வந்து, கொடிக்கம்பத்தின் கீழே யுரானியின் காலுக்கு முன்னால் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். ஒரு பூட்ஸின் நுனி தெரிந்தது. தொட்டியை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

தேசிய கீதம் ஸ்பீக்கரில் தொடங்கியது. கூட்டம் நெஞ்சில் கை வைத்தது. யுரானி கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அவள் கைக்கு மேலே அந்தக் கை வந்து உட்கார்ந்தது. அவள் இழுத்தது மேலே போகிற கொடியைப் பார்த்து, அவர் இழுத்தது மேடத்தின் போனைப் பார்த்து. இவள் இழுக்கும்போது அவர் பிடித்து நிறுத்தினார், அவர் இழுக்கும்போது இவளுக்கு எட்டவில்லை. கயிறு முறுக்கிக்கொண்டு கப்பியில் சிக்கியது. கீதம் முடிந்தபோது கொடி அரைக்கம்பத்தில் தொங்கியது.

"யாருய்யா செத்தது?" என்றார் கறிக்கடை கில்தார்தோ. கூட்டம் குபீரென்று சிரித்தது. விஷயம் புரியாத ஒரு கிழவர் நிஜமாகவே தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அர்னுல்ஃபோ கயிற்றை வெடுக்கென்று இழுத்தார். இன்னும் இறுகியது. இடது கையால் மைக்கை எடுத்தார். "குழந்தைதானே! பாவம், அவளுக்கு வரலை. எல்லாரும் ஒரு கை தட்டி உற்சாகப்படுத்துங்க!" என்றார்.

அடப்பாவி மனுஷா, உன் வாய் அழுகாதா!

யுரானியின் தலை தொங்கியது. அம்பாரோவுக்கு நன்றாகத் தெரிந்த தொங்கல் அது. போச்சு, வருஷம் பூராவும் பட்ட பாடு இந்த ஒரு வார்த்தையில் போச்சு என்று நினைத்தாள். அவள் காலடி எடுத்து வைப்பதற்குள், பெருக்கித் துடைத்த சிமென்டுத் தரையில் சேற்றுத் தடம் பதியப் பதிய ரூபியேலா வந்துவிட்டாள். பெரணித் தொட்டியைக் காலால் ஓரம் தள்ளினாள்.

"சார், கையை எடுங்க."

"இல்லம்மா, குழந்தைக்கு ஒத்தாசையா..."

"அவளுக்கு வரும். கையை எடுங்க."

சத்தமே போடவில்லை அவள். அவர் மைக்கைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், சேற்றுத் தடத்தைப் பார்த்தார். கையை எடுத்தார்.

யுரானி மேலே சிக்கிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பெண் கொடியை இரண்டு முழம் கீழே இறக்கினாள். கயிற்றை உதறி முறுக்கை எடுத்தாள். மறுபடியும் இழுத்தாள். ஸ்பீக்கரில் பாட்டு இல்லை, முற்றத்தில் பேச்சு இல்லை. கப்பி கிறீச்சிட்டது மட்டும் கேட்டது. கொடி உச்சிக்குப் போய் விரிந்தபோது அம்பாரோ வாய்விட்டு அழுதுகொண்டே கைதட்டினாள். மேடம் போனை உயர்த்திப் பிடித்தாள்.

கயிற்றை விட்ட அந்தக் கை எங்கே போவதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. போனைப் பார்த்ததும் அதற்கு வழி கிடைத்துவிட்டது. கீதம் எப்போதோ முடிந்திருந்தது. அர்னுல்ஃபோ அந்தக் கையைக் கோட்டு ரிப்பனுக்குப் பக்கத்தில், ரிப்பன் மறையாதபடி, நெஞ்சில் வைத்துக்கொண்டு முகவாயை உயர்த்தினார்.