கேட்டால்தான் கை வைக்கலாம்

இன்று காலை காங்கேசன்துறை பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓய்வுபெற்ற இரண்டு ரீச்சர்மார். ஒருவருக்கு முழங்கால் நோவு, தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அவர் மூச்சைக் கவனித்துத் தியானம் செய்பவர். துணைக்கு வந்தவர் கை வைத்துச் சக்தி கொடுப்பவர். சுன்னாகத்திலிருந்தே சண்டை.

"சக்தியாவது மண்ணாங்கட்டியாவது. நோவைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அது தானாப் போகும், ரீச்சர்" என்றார் நோவுக்காரர்.

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது.

"ஐயோ அம்மா!"

"இப்ப பாருங்கோ, வடிவாப் பாருங்கோ" என்றார் துணைக்கு வந்தவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்கள் கேட்டால்தான் நான் கை வைக்கலாம். எங்கடை முறை அது. ஒருக்கா கேளுங்கோவன்."

"கேக்க மாட்டன். சும்மா வையுங்கோ."

முறையை மீறிக் கை முழங்காலுக்குப் போனது. இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வந்ததும் கண்டக்டர் கத்தித்தான் எழுப்பினார்.

இறங்கும்போது நோவுக்காரர் சொன்னார்: "இப்ப கொஞ்சம் சுகம். மூச்சைப் பார்த்ததாலைதான்."

"ஓம், ஓம்" என்றபடி மற்றவர் அவரைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டிப்போனார்.

எனக்கும் முழங்கால் நோகிறது. தியானம் கொஞ்சம் தெரியும். இப்படிச் சண்டை பிடிக்கத்தான் ஆள் இல்லை. யாராவது வாறியளோ?