கட்டு நனைந்த மதியம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது எனக்கே நடந்தது. பயத்தைவிட வெட்கத்தால்தான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை.

என் அக்காவுக்கு வலது கண்குழிக்குள் மெலனோமா. ரொம்ப அபூர்வமான புற்றுநோய் என்றார் டாக்டர். கண்ணை இமைகளோடு சேர்த்தே எடுத்தார்கள். பிறகு முப்பது நாள் கதிர்வீச்சு. அதற்கப்புறம் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். குழியிலிருந்து மூக்குவரை சின்னத் துளை விழுந்திருந்தது. மூச்சுவிடும் போதெல்லாம் கட்டுக்கு அடியில் 'ஸ்ஸ்' என்று காற்று கசியும்.

தினமும் கட்டு மாற்றியது என் மனைவி. என்னைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. நான் ஒரு நாள்கூட அந்தக் காயத்தைப் பார்த்ததில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி அச்சகத்துக்குக் கிளம்பிவிடுவேன்.

அன்று செவ்வாய். காலையிலிருந்து மிஷின் சத்தத்தில் போன் பக்கமே போகவில்லை; அதை அச்சகத்திலேயே மறந்துவிட்டுச் சாப்பிட வந்தேன். மணி 2.10. வெளியே பூட்டு. கடைக்குப் போனால் மனைவி அப்படித்தான் பூட்டுவாள். திறந்தேன்.

"வந்துட்டியாடா?" அக்காவின் அறையிலிருந்து குரல்.

"ம்."

"கட்டு நனைஞ்சு போச்சு. நீயாவது மாத்தி விடேன்."

"அவ வந்துடட்டுமே அக்கா."

"அவ வர நேரமாகும்டா."

வேறு வழியில்லை. போனேன். கட்டிலில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கொளுத்தும் வெயில். மின்விசிறி ஓடவில்லை. மருந்து வாடையும் இல்லை...

பின்னால் நின்றே பழைய கட்டை அவிழ்த்தேன். பஞ்சு ஜில்லென்று இருந்தது.

மெல்லத் திரும்பினாள்.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

தடவித் தடவித் துணியை வைத்தேன். பிளாஸ்திரி எங்கெங்கோ ஒட்டியது... விரலில் இமைமுடி உரசியது...

அப்போதுதான் உறைத்தது.

அந்த 'ஸ்ஸ்'...

கேட்கவே இல்லை.

"பார்க்கவே மாட்டியாடா?"

ஓடினேன்.

அச்சகத்தில் போன் அடித்துக்கொண்டிருந்தது. மணி 2.35. மனைவி.

"எத்தனை தடவைங்க கூப்பிடுறது? உங்க அக்காவுக்குக் காலையில வலிப்பு வந்துடுச்சு. ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டு வந்தேன்..."

உயிர் போனது 1.50-க்கு.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கும் உள்ளே போய் அக்கா முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. வாசலிலேயே நின்றேன். உள்ளே நர்ஸ் என் மனைவியிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு மணிக்கு நானே சுத்தமா கட்டுப் போட்டேனே. யாரும்மா பிரிச்சது? பாருங்க, நல்ல கண்ணு இமையில எல்லாம் பிளாஸ்திரி. கண்ணை மூடிக்கிட்டுக் கட்டின மாதிரி இருக்கு."