முன்சக்கரத்துக்கு நின்ற வரிசை

சேஷாசலம் இளவட்டமாகக் காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்து, ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக் காலம் தள்ளியவர். தானாக அவர் எடுத்த முடிவுகள் சொற்பம். சைகோனிலேயே பிறந்த எலெனைக் கட்டிக்கொண்டார். ஊரைவிட்டுப் போன ஒரு பிரெஞ்சுக்காரனிடம் ஒரு கிழட்டுக் காரை வாங்கித் தொலைத்தார். 1975 ஏப்ரலில், போர் நகரத்தை நெருங்கியபோது, காரைக்காலுக்கே திரும்பிவிடுவது என்று தீர்மானித்தார். மறுநாள் விமானம். எலென் மறுபேச்சில்லாமல் பெட்டி கட்டினாள்.

அன்று பார்த்துத்தானா கார் முன்சக்கரத்தில் கர்ர்ரென்று கத்தவேண்டும்? வாடகை வண்டிக்காரன் எவனும் விமான நிலையப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. இந்தச் சனியன்தான் கதி.

மாரியம்மன் கோயில் வாசலருகே நிறுத்தி ஜாக்கி கொடுத்தார். கத்துவது பிரேக் என்றால் நட்டைத் திருகிச் சரிசெய்துவிடலாம். பேரிங் என்றால் தொலைந்தது, புதிதுக்கு எங்கே போவது? சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார், ஆட்டம் இல்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க, அச்சில் ஒரு கட்டையை ஊன்றி, மறுநுனியில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டார்.

கோயில் சுவரில் முகம் பதித்து அம்மனிடம் குறை சொல்லிவிட்டு வெளியே வந்த வியட்நாமியப் பெண்கள் அதைப் பார்த்தார்கள். அம்மனின் ஊர்க்காரர் ஒருவர் கண்மூடிச் சக்கரத்திடம் காது கொடுக்கிறார் என்றால் விஷயம் இல்லாமலா இருக்கும்? சேஷாசலம் காருக்கடியில் புகுந்து நட்டைத் தேடுவதற்குள் சக்கரத்துக்கு முன்னால் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. ஒருத்தி சக்கரத்துக்குச் சாமந்தி மாலை போட்டாள். இன்னொருத்தி பெட்ரோல் டாங்குக்கு நேர் கீழே ஊதுபத்தி ஏற்றினாள்.

"இது காரும்மா! போய்த் தொலைங்க!" என்று அவர்கள் பாஷையிலேயே அடியிலிருந்து அலறினார்.

"அம்மன் இன்னிக்குக் கோவமா இருக்கா," என்று சொல்லி, முன்னால் நின்றவள் இரண்டு வாழைப்பழமும் வைத்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு நட்டைத் தளர்த்தினார். விரலால் தள்ளியதும் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. வெளியே பெண்கள் 'ஹா' என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிரேக்தான்! அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அடுத்து வந்த குரல் எலெனுடையது. அவரைத் தேடி வந்தவள், சாமான் வாங்கப் போயிருப்பார் என்று நினைத்து வரிசையில் நின்றிருக்கிறாள்.

"நாளைக்கு நீ ஓடாதே," என்று சக்கரத்திடம் கிசுகிசுத்தாள். "எங்கம்மா கல்லறை இங்கதான் இருக்கு. அவர் ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்? அவர்கிட்ட சொன்னா மனசு ஒடஞ்சிடுவார். நீ பாட்டுக்கு நின்னுடு."

இத்தனை வருஷம் கூட இருந்தவள், கேட்கவேண்டியதைச் சக்கரத்திடம் போய்க் கேட்கும்படி வைத்துவிட்டோமே என்று சேஷாசலத்துக்கு வெட்கமாக இருந்தது. தூரத்தில் குண்டு வெடித்தது. இந்த ஊரிலேயே இருப்பது என்று நினைத்தாலே பயமாக இருந்தது. இருந்தாலும் நட்டைப் பழையபடி இறுக்கினார்.

அவள் நகர்ந்த பிறகு மறுபக்கமாக வெளியே வந்து கூப்பிட்டார்.

"எலென், பேரிங் போச்சு. இனி இது நகராது."

"அடப் பாவமே," என்றாள் எலென். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், கிரீஸ் என்றுகூடப் பார்க்காமல்.